கொல்லையில் செம்பருத்தி: எதற்கு உதவும்? எதற்கு உதவாது?



நம் பக்கத்துக் கிராமங்களில் செம்பருத்தி இல்லாத தெருவைக் காண்பது அரிது. கிணற்றடியிலோ, தொழுவத்து ஓரத்திலோ, வாசல் படிக்கட்டுக்குப் பக்கத்திலோ ஒரு செடி நின்றுகொண்டிருக்கும். காலையில் பூப்பறித்துப் பிள்ளையாருக்கு வைப்போம். வெள்ளிக்கிழமை இலையை அரைத்துத் தலைக்குத் தேய்ப்போம். காசில்லாமல் கிடைக்கும் நல்ல செடி. அதை வளர்க்கச் சொல்வதற்கே இந்தப் பாடம்.

ஆனால் இந்தச் செடியைப் பற்றிச் சில பேச்சுகளும் வழக்கத்தில் உள்ளன. பூவைத் தின்றால் ரத்தம் ஊறும் என்பார்கள். வெறும் வயிற்றில் தின்றால் கரு தங்காது என்பார்கள். நாள் தள்ளிப்போனால் கஷாயம் வைத்துக் குடிக்கச் சொல்வார்கள். இந்தப் பேச்சுகளை நம்பினால் ஒரு பெண்ணின் உடம்புக்குக் கேடு வரலாம், உயிருக்கே ஆபத்தும் வரலாம். ஆகவே செடியை எப்படி வளர்ப்பது, எதற்குப் பயன்படுத்துவது, எதற்கு நம்பக்கூடாது என்ற மூன்றையும் கணவனும் மனைவியும் சேர்ந்து படித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

1. செடியை அறிவோம்

செம்பருத்தியைச் செம்பரத்தை என்றும், இலங்கைத் தமிழர்கள் செவ்வரத்தை என்றும் சொல்வார்கள். தாவர நூலில் இதன் பெயர் ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ். 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் வைத்த பெயர் இது. 'சீனத்து ரோஜா' என்பது அதன் பொருள். ஆனால் இது ரோஜா இனமல்ல, பருத்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெண்டை, பூவரசு, துத்தி, புளிச்சக்கீரை எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். வெண்டைப் பூவையும் செம்பருத்திப் பூவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு தெரியும்.

செடி ஆறடி முதல் பத்தடி வரை வளரும். எப்போதும் பச்சையாக இருக்கும். நாட்டு ஒற்றைச் செம்பருத்திக்கு ஐந்து இதழ். நடுவில் நீண்ட தண்டு போல ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தத் தண்டைச் சுற்றி மகரந்தத் தூள் இருக்கும், நுனியில் ஐந்து சிறு சூல்முடிகள் இருக்கும். ஒற்றைச் செம்பருத்தி காலையில் விரியும், அநேகமாக அன்றைக்கே வாடிவிடும். வெள்ளை, மஞ்சள், இளஞ்சிவப்பு, அடுக்கு என்று பல வகைகள் உண்டு. வீட்டு வைத்தியத்தில் சொல்லப்படுவது பெரும்பாலும் சிவப்பு ஒற்றைப் பூவைத்தான்.

நம்மூர்ச் செடி வருஷம் முழுவதும் பூக்கும், ஆனால் பெரும்பாலும் காய்க்காது. அதனால்தான் விதை போடாமல் போத்து வெட்டி நடுகிறோம். செடி காய்க்காததற்கும் மனுஷிக்குக் கரு தங்குவதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

செட்டிநாட்டிலிருந்து அந்தக் காலத்தில் மலேயாவுக்குக் கொண்டுவிக்கப் போனவர்கள் பலர். அவர்கள் அங்கேயும் இதே பூவைப் பார்த்திருப்பார்கள். அந்த நாட்டில் இதற்குப் புங்கா ராயா என்று பெயர். 1960ஆம் ஆண்டு அதுவே அந்த நாட்டின் தேசிய மலராயிற்று. நம் கொல்லையில் நிற்கும் செடிக்கு அவ்வளவு பெருமை உண்டு.

2. வளர்ப்பது எப்படி?

காரைக்குடி, கல்லல், கானாடுகாத்தான் பக்கத்துச் செம்மண்ணில் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும். செம்பருத்திக்கு அதுவே வேண்டியது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

போத்து தயாரித்தல்: நோயில்லாத செடியில், பென்சில் கனமுள்ள முற்றிய கிளையைத் தேர்ந்தெடுங்கள். ஒரு சாண் நீளத்துக்கு, மூன்று நான்கு கணுக்கள் இருக்கும்படி, அடிக்கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். மேலே இரண்டு இலையை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். செம்மண், மணல், மக்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவு கலந்து பையில் நிரப்பி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நடுங்கள். பையின் அடியில் ஓட்டை இருக்க வேண்டும். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நான்கு முதல் ஆறு வாரத்தில் வேர் பிடிக்கும்.

நடும் காலம்: புரட்டாசி, ஐப்பசி நல்லது. ஐப்பசி கார்த்திகை மழையிலேயே செடி பிடித்துக்கொள்ளும், சித்திரை வெயிலைத் தாங்கும் வலுவும் வந்துவிடும்.

நடும் முறை: ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மேல் மண்ணோடு தொழு உரம் கலந்து நிரப்புங்கள். செடிக்குச் செடி ஐந்தடி இடைவெளி விடுங்கள். நாளில் ஆறு மணி நேரமாவது வெயில் படும் இடம் வேண்டும். நிழலில் இலை செழிக்கும், பூ குறையும்.

தண்ணீர்: நட்ட முதல் மாதம் அன்றாடம் கொஞ்சம் ஊற்றுங்கள். பிறகு கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். அரிசி களைந்த தண்ணீர், காய்கறி அலசிய தண்ணீர் எல்லாம் ஆகும். நம் பக்கம் தண்ணீர் அருமையான பொருள், வீணாக்க வேண்டாம். செடியைச் சுற்றி வைக்கோலோ காய்ந்த சருகோ மூடாக்குப் போட்டால் ஈரம் காக்கும். தொட்டிச் செடி வைத்திருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். அடித்தட்டில் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள்.

கவாத்து: புதுக்கிளையில்தான் பூ வரும். தை, மாசியில் மூன்றில் ஒரு பங்கை வெட்டிவிடுங்கள். தளிர் வெடித்துப் பூ பெருகும்.

பூச்சி: செம்பருத்தியின் பெரிய எதிரி மாவுப்பூச்சி. கணுவிலும் மொட்டிலும் வெள்ளைப் பஞ்சு போல அப்பியிருக்கும். எறும்பு அதைப் பாதுகாத்துப் பரப்பும். கண்டதும் அந்தக் கிளையை வெட்டி அப்புறப்படுத்துங்கள். மிஞ்சியதைத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவுங்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் சேர்த்து மாலை வேளையில் தெளியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று வாரம் தெளித்தால் கட்டுப்படும். வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கொல்லைச் செடிக்கு அடிக்காதீர்கள். பிள்ளைகள் கைவைக்கும் செடி இது.

3. நல்ல பயன்கள்

தலைக்கு: ஒரு கைப்பிடி இலையும் நாலைந்து பூவும் எடுத்துக் கழுவி அரைத்தால் வழுவழுவென்று வரும். அந்த வழுவழுப்புதான் அழுக்கை இழுத்து, முடியைச் சிக்கெடுக்க உதவுகிறது. கால் மணி நேரம் வைத்து அலசிவிடலாம். சீயக்காய்ச் செலவு மிச்சம். ஆனால் வழுக்கையில் முடி முளைக்கும், பேன் சாகும் என்பதெல்லாம் மெய்ப்பிக்கப்பட்டதல்ல. முடி கொத்துக்கொத்தாய்க் கொட்டினால் ரத்தச்சோகையோ தைராய்டு குறைபாடோ காரணமாக இருக்கலாம். அதற்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

வேலிக்கும் அழகுக்கும்: நெருக்கி நட்டுக் கவாத்துச் செய்தால் உயிர்வேலி ஆகும். தேன்சிட்டும் வண்ணத்துப்பூச்சியும் வரும். ஆட்டுக்கும் தழையாகும்.

பூசைக்கும் வருமானத்துக்கும்: பிள்ளையாருக்கும் அம்மனுக்கும் உகந்த பூ. போத்துகளைப் பையில் வளர்த்து விற்றால் வீட்டுப் பெண்களுக்குக் கைச்செலவுக்கு ஆகும்.

இவையெல்லாம் செம்பருத்தி நமக்குச் செய்யும் உதவிகள். இனி அது செய்யாத காரியங்களைப் பார்ப்போம்.

4. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறுமா?

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். பிள்ளைகளையும் கூப்பிட்டு வைத்துச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாளில் செம்பருத்தி இதழை அழுத்தித் தேய்த்துக் காயவிடுங்கள். தாளில் ஊதாக் கறை இருக்கும். ஒரு பக்கம் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விடுங்கள், அந்த இடம் நல்ல சிவப்பாகும். இன்னொரு பக்கம் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்த தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள், அந்த இடம் பச்சையாகும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பூவின் சிவப்பு ஒரு சாயம். புளிப்புப் பட்டால் ஒரு நிறம், சுண்ணாம்பு பட்டால் ஒரு நிறம். நம் ரத்தத்தின் சிவப்போ இரும்புச் சத்தைச் சேர்த்து உடம்பு உண்டாக்கும் வேறொரு பொருள். நிறம் ஒன்றுபோல இருப்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயது முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தச்சோகை இருந்தது. இது சின்ன விஷயமல்ல. ரத்தமில்லாத உடம்போடு பிரசவத்துக்குப் போனால், சாதாரணமாகத் தாங்கக்கூடிய ரத்தப்போக்கையும் அந்தத் தாய் தாங்க மாட்டாள்.

ரத்தம் ஊற வேண்டுமானால் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, எள், பயறு வகைகள், வசதியும் வழக்கமும் இருந்தால் ஈரல், மீன் சாப்பிடுங்கள். கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்தால் இரும்புச் சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பாட்டோடு காப்பி, டீ குடித்தால் சேராது. கர்ப்பிணிக்கு நான்காம் மாதத்திலிருந்து அன்றாடம் ஒரு இரும்புச்சத்து மாத்திரை வீதம் 180 நாளும், பிரசவத்துக்குப் பிறகு 180 நாளும் இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். குமட்டினால் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு போடலாம். மாத்திரையைப் பரணில் போட்டுவிட்டுப் பூவைத் தின்னாதீர்கள்.

5. பூவைத் தின்றால் கரு தங்காதா?

கிராமத்தில் இப்படி ஒரு பேச்சு நடப்பதுண்டு.

"எங்க அப்பத்தா சொன்னாக நர்சம்மா, வெறும் வயித்துல ஒத்தச் செம்பருத்திப் பூவ மென்னு தின்னா கரு தங்காதாம். அப்புறம் எதுக்கு மாத்திரை, காப்பர்-டி எல்லாம்?"

"அப்பத்தாவுக்கு எத்தனை பிள்ளைக தாயி?"

"எட்டு."

சிரிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அப்பத்தா பொய் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் கையில் கிடைத்தது அந்தப் பூ ஒன்றுதான். நமக்கு வேறு வழிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

இந்தப் பேச்சை ஆராய்ச்சியாளர்கள் அலட்சியம் செய்யவில்லை. 1970களில் காசி இந்துப் பல்கலைக்கழகத்திலும் வேறு இடங்களிலும் செம்பருத்திப் பூவின் சாரத்தை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கரு கர்ப்பப்பையில் பதிவதைச் சில சாரங்கள் தடுத்தன. ஆனால் மூன்று விஷயங்களை மனத்தில் வையுங்கள்.

ஒன்று: அது எலிகளில் நடந்த சோதனை. எலிக்குப் பலித்த எத்தனையோ மருந்து மனிதருக்குப் பலிக்கவில்லை.

இரண்டு: அவர்கள் கொடுத்தது பூவை அப்படியே அல்ல. பென்சீன் போன்ற ரசாயனத்தில் ஊறவைத்துப் பிரித்து, அளந்து எடுத்த சாரம். நாம் மெல்லும் பூவில் அந்தப் பொருள் எவ்வளவு இருக்கும் என்று யாரும் அளந்து சொல்ல முடியாது.

மூன்று: அந்த ஆராய்ச்சிகள் நடந்து ஏறக்குறைய ஐம்பது வருஷம் ஆகியும், பெண்களுக்குக் கொடுக்கத்தக்க கருத்தடை மருந்து ஒன்றும் செம்பருத்தியிலிருந்து வரவில்லை.

ஆகவே செம்பருத்தி கருத்தடை முறை அல்ல. அதே சமயம், எலியில் அப்படி ஒரு விளைவு தெரிந்திருப்பதால், குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களும் கர்ப்பிணிகளும் பூவை மருந்தாகத் தின்பதையும் கஷாயமாகக் குடிப்பதையும் தவிர்ப்பதே நல்லது. தலைக்குத் தேய்ப்பதற்குத் தடையில்லை.

6. பிறகு ஏன் சிலருக்குப் பலித்தது?

"நான் தின்னேன், எனக்கு நிக்கலையே" என்று சொல்லும் பெண்கள் உண்டு. அவர்கள் சொல்வதும் உண்மைதான். காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

எந்தக் கருத்தடையும் செய்யாமல் சேர்ந்து வாழும் 100 இளம் தம்பதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் அவர்களில் சுமார் 20 முதல் 25 பேருக்குத்தான் கரு தங்கும். மீதி 75 பேருக்கு மேல் அந்த மாதம் ஒன்றும் செய்யாமலேயே தங்காது. அந்த 75 பேரும் பூவைத் தின்றிருந்தால், பூவினால்தான் தங்கவில்லை என்று நினைப்பார்கள். தங்கிப்போன 25 பேர் வெளியே சொல்லமாட்டார்கள். பலித்த கதை மட்டும் ஊரில் பரவும்.

ஒரு மாதம் போய் ஒரு வருஷக் கணக்கைப் பாருங்கள். அதே 100 தம்பதிகளில் வருஷ முடிவில் சுமார் 85 பேருக்குக் கரு தங்கியிருக்கும். காப்பர்-டி போட்டுக்கொண்ட 100 பெண்களிலோ, வருஷத்தில் ஒருவருக்குக்கூடத் தங்குவது அரிது.

நாள் தள்ளிப்போய், கஷாயம் குடித்து, தீட்டு வந்துவிட்டது என்பதும் இதுபோலத்தான். கவலை, ரத்தச்சோகை, தைராய்டு, கடுமையான வேலை, உடம்பு இளைப்பு இவற்றாலும் நாள் தள்ளும். பத்து நாள் பிந்தித் தானாக வர வேண்டியது வந்திருக்கும். பெயர் கஷாயத்துக்குப் போயிருக்கும்.

7. நாள் தள்ளிப்போனால் என்ன செய்வது?

பூவைத் தேடாதீர்கள். செவிலியரைத் தேடுங்கள்.

கிராம சுகாதாரச் செவிலியரிடம் சிறுநீர் சோதிக்கும் அட்டை கிடைக்கும். காலை முதல் சிறுநீரில் சில நிமிஷத்தில் தெரிந்துவிடும். கர்ப்பம் என்றால் உடனே பதிவு செய்துகொள்ளுங்கள்.

அந்தக் கர்ப்பத்தைத் தொடர முடியாத நிலைமை சில குடும்பங்களில் வரலாம். கைக்குழந்தை இருக்கலாம், தாயின் உடம்பு பலவீனமாக இருக்கலாம். அப்போது வீட்டில் வைத்தியம் பார்க்கும் ஆளைக் கூப்பிடாதீர்கள். எருக்கங்குச்சி வைப்பது, அரளி வேரைக் கொடுப்பது என்று முன்பு செய்த காரியங்களால் எத்தனையோ தாய்மார்கள் மாண்டிருக்கிறார்கள். குச்சி கர்ப்பப்பையைத் துளைக்கும், சீழ் பிடிக்கும், ஜன்னி கண்டு உயிர் போகும். பிழைத்தாலும் மறுபடி குழந்தை இல்லாமல் போகலாம். அரளியின் இலை, பூ, வேர், விதை எல்லாம் இருதயத்தை நிறுத்தும் விஷம். செம்பருத்திக்குப் பக்கத்தில் அரளியும் நிற்கும் வீடுகளில் பிள்ளைகளுக்கு இரண்டையும் பிரித்துக் காட்டிச் சொல்லிவையுங்கள்.

நம் நாட்டில் 1971ஆம் ஆண்டே கருக்கலைப்புக்குச் சட்டம் வந்தது. 1972 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. 2021இல் திருத்தப்பட்டது. அதன்படி, தாயின் உடல்நலத்துக்கோ மனநலத்துக்கோ கேடு, கருத்தடை முறை தவறிப்போனது போன்ற காரணங்களுக்காக 20 வாரம் வரை தகுதி பெற்ற ஒரு டாக்டரின் முடிவோடு கர்ப்பத்தைக் கலைக்கலாம். சில குறிப்பிட்ட நிலைகளில் இரண்டு டாக்டர்களின் முடிவோடு 24 வாரம் வரை செய்யலாம். 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். பெயரை இரகசியமாகக் காக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை.

எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்களோ அவ்வளவு நல்லது. கஷாயம் குடித்துக் காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் ஆபத்து கூடுகிறது. மருந்துக் கடையில் நீங்களாகவே கலைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். கரு குழாயில் தங்கியிருந்தால் அந்த மாத்திரை கேட்காது, குழாய் வெடித்து உள்ளுக்குள் ரத்தம் கொட்டும்.

கருச்சிதைவோ கலைப்போ ஆனபின் காய்ச்சல், நாற்றமடிக்கும் வெள்ளை, அடிவயிற்று வலி, துணி நனைந்து நனைந்து போகும் ரத்தப்போக்கு, மயக்கம் இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108 வண்டியைக் கூப்பிடுங்கள். நடந்ததை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

8. பெரும்பாடு என்றால்?

தீட்டு அதிகமாகப் போகும் பெண்களுக்குப் பாலில் செம்பருத்திப் பூவைப் போட்டுக் கொடுப்பது பழைய வழக்கம். ஒரு வேளை கொடுப்பதால் பெரிய தீங்கு வந்துவிடாது. அதை நம்பி மாதக்கணக்கில் காலம் கடத்துவதுதான் தீங்கு. ஏழு நாளுக்கு மேல் தீட்டு, கட்டிகட்டியாக ரத்தம், இரண்டு தீட்டுக்கு நடுவில் ரத்தம், கணவனோடு சேர்ந்தபின் ரத்தம், தீட்டு நின்ற வயதில் மறுபடி ரத்தம் இவையெல்லாம் கர்ப்பப்பையில் கட்டியோ புற்றோ இருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம். ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தலாம். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகச் செய்யப்படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செம்பருத்தி டீ குடித்தால் ரத்தக்கொதிப்பு இறங்கும் என்று இப்போது பேசுகிறார்கள். அந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை புளிச்சக்கீரைச் செடியின் சிவந்த புல்லிவட்டத்தை வைத்து நடந்தவை. நம் கொல்லைச் செம்பருத்தி வேறு செடி. கொதிப்பு மாத்திரை, சர்க்கரை மாத்திரை எதையும் பூவுக்காக நிறுத்தாதீர்கள்.

9. நம்பத்தக்க வழிகள்

நம் நாட்டில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1952இல் தொடங்கியது. 'நாம் இருவர், நமக்கு இருவர்' என்று சுவரெல்லாம் எழுதிய காலம் உங்கள் பெற்றோருக்கு நினைவிருக்கும். இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலான வீடுகளில் ஒன்றோ இரண்டோதான். ஆகவே இன்றைய கேள்வி எத்தனை பிள்ளை என்பதைவிட, எப்போது, எவ்வளவு இடைவெளியில், தாயின் உடம்பு தாங்கும் நிலையில் இருக்கும்போதா என்பதுதான். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் நடுவில் இரண்டு வருஷமாவது வேண்டும். நிலத்துக்கே பயிருக்குப் பயிர் ஓய்வு கொடுக்கிறோம் அல்லவா?

கீழ்க்கண்டவை அரசு சுகாதார நிலையங்களில் இலவசம்:

நிரோத்: ஆணுறை. ஒவ்வொரு முறையும் புதியது. பால்வினை நோயையும் தடுக்கும்.

மாலா-என்: அன்றாடம் ஒரு மாத்திரை. குழந்தைக்குப் பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் இது வேண்டாம். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேளுங்கள்.

சாயா: ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. பால் கொடுக்கும் தாயும் போடலாம்.

அந்தரா: மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. பிரசவமாகி ஆறு வாரத்துக்குப் பின் போடலாம். தீட்டு ஒழுங்கு மாறலாம், பயப்பட வேண்டாம்.

காப்பர்-டி: ஒருமுறை வைத்தால் 10 வருஷம் வரை வேலை செய்யும் வகை உண்டு. பிரசவமான 48 மணி நேரத்துக்குள் அல்லது ஆறு வாரத்துக்குப் பின் வைக்கலாம். வேண்டும்போது எடுத்துவிட்டால் மறுபடி கரு தங்கும்.

அறுவை சிகிச்சை: இனிக் குழந்தை வேண்டாம் என்று இருவரும் உறுதியாக முடிவு செய்தபின்.

அவசர மாத்திரை: ஆணுறை கிழிந்தது போன்ற சமயத்தில் 72 மணி நேரத்துக்குள். இது அன்றாட முறை அல்ல, தங்கிய கருவைக் கலைக்கவும் செய்யாது.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்து, தீட்டும் வராமல் இருந்தால்தான் பாலூட்டல் ஒரு காப்பு. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் கரு தங்கலாம். தீட்டு வருவதற்கு முன்பே தங்கிவிடும் பெண்கள் உண்டு.

10. கணவன்மார்களுக்கு

பூவைத் தின்பதும் மனைவி, கஷாயம் குடிப்பதும் மனைவி, மாத்திரையை மறக்காமல் போடுவதும் மனைவி என்றே நம் வீடுகளில் நடந்துவருகிறது. குழந்தை இருவருடையது. பொறுப்பும் இருவருடையது. ஆணுக்குச் செய்யும் கருத்தடை, பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது. வயிற்றைத் திறக்க வேண்டியதில்லை. கத்தி படாமல், தையல் இல்லாமல் சிறு துளை வழியாகச் சில நிமிஷங்களில் முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆண்மை குறையாது. கழனி வேலைக்கும் குறைவு வராது. ஒன்று மட்டும் முக்கியம்: அதற்குப் பிறகு மூன்று மாதம் ஆணுறை பயன்படுத்தி, விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று தெரிந்தபிறகே விட வேண்டும்.

மனைவியை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நிற்காதீர்கள். கூடவே உள்ளே வாருங்கள். செவிலியர் சொல்வதை இருவரும் கேட்டால்தான் வீட்டில் பேசி முடிவெடுக்க முடியும். மாமியார், அப்பத்தா ஆகியோருக்கும் இந்தப் பாடத்தை வாசித்துக் காட்டுங்கள். அவர்களை எதிர்த்துப் பேச வேண்டியதில்லை. விவரம் தெரிந்தால் அவர்களே "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வாங்க" என்று சொல்வார்கள்.

நினைவில் வையுங்கள்

1. செம்பருத்தியை வளருங்கள். தலைக்கும், பூசைக்கும், வேலிக்கும் ஏற்ற செடி.
2. பூவின் சிவப்பு சாயம். ரத்தத்துக்கு வேண்டியது கீரை, தானியம், இரும்புச்சத்து மாத்திரை.
3. செம்பருத்தி கருத்தடை அல்ல.
4. கர்ப்பிணியும் குழந்தைக்குக் காத்திருப்பவரும் பூவை மருந்தாக உண்ண வேண்டாம்.
5. நாள் தள்ளினால் உடனே சோதனை. குச்சி, வேர், கஷாயம் கூடாது.
6. அதிக ரத்தப்போக்கை வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

நீங்களே விடை சொல்லிப் பாருங்கள்

1. போத்து நட ஏற்ற மாதங்கள் எவை? ஏன்?
2. சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் செம்பருத்தித் தாள் என்ன நிறமாகும்? அதிலிருந்து என்ன தெரிகிறது?
3. ஒன்றும் செய்யாத 100 தம்பதிகளில் ஒரு மாதத்தில் எத்தனை பேருக்குக் கரு தங்கும்? ஒரு வருஷத்தில் எத்தனை பேருக்கு?
4. நம் குடும்பத்துக்கு இப்போது ஏற்ற முறை எது?

நான்காம் கேள்விக்கு விடையை நீங்கள் இருவரும் பேசித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்துச் செவிலியரையோ, ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரையோ கேளுங்கள். 104 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.